கேட்கலாமா என்று கேட்பதற்கு

இனிமேல் கேட்க முடியாது என்பதை மயிலாத்தாளுக்கு முதலில் சொன்னவள் மகள் கோகிலவாணிதான். செவ்வாய்க்கிழமை, காலைப் பலகாரம் முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நேரம். வேலைக்குப் போனவள் பாதியிலேயே திரும்பி வந்து, போட்ட செருப்போடு அடுப்படிக்குள் நின்றாள். மயிலாத்தாள் செருப்பைத்தான் முதலில் பார்த்தாள். சாவு சொல்ல வருகிறவர்கள்தான் இப்படி வருவார்கள். “குடுக்கலைம்மா” என்றாள். “என்னத்தை அம்மிணி?” “கேக்கறதுக்கு அனுமதி.” “கேசு தோத்துப் போச்சா?” “கேசே இல்லம்மா. கேசு போடலாமான்னு கேட்டோமில்ல, போடக்கூடாதுன்னுட்டாங்க.” “அப்ப வேலுதான் பண்ணினான்னு சொல்லிப்போட்டாங்களா?” “அதைப் பத்திப் பேசவே இல்லம்மா. ஒரு வார்த்தைகூட.” மயிலாத்தாள் குழாயை நிறுத்தினாள். நிறுத்தியும் தண்ணீர் ஓடுகிற சத்தம் காதில் இருந்தது. இன்று சனிக்கிழமை, இந்த ஜெயில் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால், தரையோடு சேர்த்து முடுக்கிய இந்த இரும்பு முக்காலியில், கால் எட்டாமல் தொங்க உட்கார்ந்திருக்கும்போதும் அந்தச் சத்தம் ஓயவில்லை. பேசவே இல்லை என்றால் எப்படி. மூன்று நீதிபதிகளாம். படித்தவர்கள். பேரப்பிள்ளைகள் இருக்கும். ஒருத்தராவது பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்து, ஏனுங்க, இந்தப் பையன் பண்ணலைன்னு ஒரு பொம்பளை வந்து சொல்றாளே, அதை என்னான்னு ஒருக்கா பாத்துரலாங்களா, என்று கேட்டிருக்க மாட்டாரா. மகன்தான் பண்ணினான் என்று சொல்லியிருந்தால்கூட மண்ணை வாரித் தூற்றலாம். பண்ணவில்லை என்றால் காலில் விழலாம். இரண்டுமில்லாமல் சும்மா விட்டுவிட்டால் ஒரு மனுஷி என்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுவது.

முன்னாடியே கேட்டிருக்கலாமே என்பதுதான் அவர்கள் எழுதியது. வக்கீலம்மா ஹெலன் போனில் சொல்லச் சொல்ல வாணி தமிழில் சொன்னாள். ஹெலன் காசு வாங்காமல் வேலை செய்கிறவள், தலை முழுக்க வெளுத்தவள், பேசும்போது நடுவில் நடுவில் மூச்சு வாங்குகிறவள். இந்த அமெரிக்காவில் ஜெயிலில் இருக்கிறவன் நடுவண் கோர்ட்டில் ஒரே ஒரு தடவைதான் தாராளமாகக் கேட்கலாமாம். அடுத்த தடவை கேட்க வேண்டுமென்றால் மேல்கோர்ட்டில் போய், கேட்கலாமா என்று கேட்க வேண்டுமாம். புதுசாக ஒன்று கிடைத்திருக்க வேண்டும், அது முதல் தடவை எவ்வளவு தேடியிருந்தாலும் கிடைத்திராததாக இருக்க வேண்டும். இந்தச் சாட்சி முன்னாடியே கிடைத்திருக்குமாம். தேடியிருந்தால் கிடைத்திருக்குமாம். ஆகவே கேட்கக்கூடாதாம். கூடாது என்று சொன்னதை எதிர்த்தும் எங்கேயும் போகக்கூடாதாம். “அவன் உள்ள பூட்டிக் கெடக்கறான், அவன் எப்படித் தேடறது?” என்று மயிலாத்தாள் கேட்டாள். வாணி அதை இங்கிலீஷில் சொன்னாள். அந்தப் பக்கம் ஹெலன் என்னவோ சொன்னாள். “என்ன சொல்றாங்க?” “அதேதான் நானும் எழுதினேன்னு சொல்றாங்கம்மா.” நல்ல மனுஷி, அவள் குடும்பம் நன்றாக இருக்கட்டும். கவர்னரிடம் கருணை கேட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னாளாம், சொல்லிவிட்டு அவளே, ரொம்ப நம்பாதீங்க என்றாளாம். வாணிக்குக் கோபம் வந்துவிட்டது. “கருணைன்னா தப்புப் பண்ணினவனுக்கும்மா. இவன் எதுக்குக் கருணை கேக்கணும்?” கேட்டால் என்ன. மயிலாத்தாள் கேட்பாள். கோயில் வாசலில் முந்தானையை விரித்துக் கேட்டுப் பழகியவள்தானே.

இங்கே குளிர். எப்போது வந்தாலும் இந்த இடத்தில் இப்படித்தான், தரையைத் துடைத்த மருந்து வாசமும் குளிரும். வாணியின் பழைய ஸ்வெட்டரைச் சேலைக்கு மேலே போட்டிருக்கிறாள். திருநீற்றுப் பொட்டலத்தை வாசலிலேயே வைத்துக்கொண்டார்கள். அந்தக் காவல்காரப் பெண் ஒவ்வொரு முறையும் அதை முகர்ந்து பார்த்துவிட்டு அதே சிரிப்புச் சிரிக்கிறாள். பாவம், அவளும் வேலைக்கு வந்தவள். மணிக்கட்டின் உள்பக்கம் பூசிக்கொண்டு வந்திருப்பது மட்டும் இருக்கிறது. அதையும் வியர்வை கரைத்திருக்கும். குளிரில் எப்படி வியர்க்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெறும் முக்காலி. பின்னால் ஒரு இரும்புக் கதவு. வெறும் முக்காலியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அதில் ஒருவன் உட்கார்ந்திருப்பது போலவும் இருக்கிறது, அவன் எழுந்து போய்விட்டது போலவும் இருக்கிறது. போன முறை இவ்வளவு நேரம் ஆகவில்லை. போன முறை அவன் சொன்னதை நினைக்கக்கூடாது என்று காரில் வரும்போதே தீர்மானித்திருந்தாள். இருபுறமும் பருத்திக்காடு, வெடித்துக் கிடக்கிறது, ஆள் இல்லை, ஏதோ ஒரு இயந்திரம் தன்னந்தனியாக எடுத்துக்கொண்டு போகிறது. பருத்தியை எண்ணவா முடியும், ஆனாலும் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். இப்போது நினைப்பு வந்துவிட்டது. “இதுவும் இல்லைன்னு ஆயிடுச்சுன்னா நான் வெளிய வரமாட்டேம்மா” என்றான் வேலு. “அதான் விடமாட்டேங்கறாங்களே சாமி” என்றாள் அவள், ஜெயிலை விட்டு என்று நினைத்து. “அது இல்லம்மா. உங்களைப் பாக்க. யாராச்சும் வந்திருக்காங்கன்னு கூப்பிட்டா, மாட்டேன்னு சொல்லலாம். எனக்கு இருக்கிற உரிமை அது ஒண்ணுதான். நீ ஊருக்குப் போயிரு. வாணியாவது சனிக்கிழமை தூங்கட்டும்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவன் சின்ன வயதிலிருந்தே சிரித்துக்கொண்டு சொல்வதைத்தான் செய்வான்.

அப்படியானால் தெரிந்துவிட்டதா. திங்கட்கிழமைதான் ஹெலனின் கடிதம் போய்ச் சேரும், அதற்குள் நாம் போய்ச் சொல்லிவிடலாம் என்றல்லவா வாணி ஓட்டமும் நடையுமாகக் கூட்டிவந்தாள். உள்ளே யாராவது சொல்லியிருப்பார்களோ. தெரிந்து, அங்கேயே கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, மாட்டேன் என்று சொல்லிவிட்டானோ. அந்தக் காவல்காரன் இங்கே வந்து சொல்வதற்காக நடந்து வந்துகொண்டிருக்கிறானோ. காலடிச் சத்தம் கேட்கிறது. இல்லை, பக்கத்துத் தடுப்பில் ஒரு பெரியவர் மகளிடம் சத்தமாகச் சிரிக்கிறார். “வாணி, எத்தனை நேரம் ஆச்சு?” “இப்பத்தாம்மா வந்தோம்.” “அவன் வருவானா?” “வராம எங்க போறான். பஸ் ஏறிப் போயிருவானா?” சொல்லிவிட்டு வாணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். இது அவள் பழக்கம். ஏதாவது நக்கலாகச் சொல்லிவிட்டு அப்புறம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். “நான்தான் சொல்லுவேன், நீ சொல்ல வேண்டாம்” என்றாள் மயிலாத்தாள். “நீ எங்க சொல்லுவே. சாப்டியா, தூங்கினியா, தலைக்கு எண்ணெய் வெச்சியான்னு கேட்டே நேரத்தை ஓட்டிருவே. போன தடவை எலும்பு டாக்டர் சொன்னதைச் சொல்றேன்னுட்டு சொன்னியா?” “அது என்னத்துக்கு அவனுக்கு?” “பாத்தியா.” இரண்டு பேரும் கண்ணாடியைப் பார்த்தார்கள். கண்ணாடியில் இரண்டு பேரும் மங்கலாகத் தெரிந்தார்கள், ஒரு ஸ்வெட்டரை மாற்றி மாற்றிப் போடுகிற குடும்பம்.

சட்டை. எங்கே சுற்றினாலும் அந்தச் சட்டையில் வந்துதான் நிற்கிறது. பெட்ரோல் பங்கோடு சேர்ந்த கடை அது, வேலு அங்கே கல்லாவில் இருந்தான். கடைக்கார முதலாளி பின்பக்கம் சரக்கு அறையில் விழுந்து கிடந்தார். இவன் சத்தம் கேட்டுப் போய் அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கத்தியிருக்கிறான். அந்த ரத்தம் முழுக்கச் சட்டையில். போலீஸ் வந்தபோது அப்படியே உட்கார்ந்திருந்தான். சம்பளத் தகராறு இருந்தது என்று யாரோ சொன்னார்கள், அது உண்மைதான், யாருக்குத்தான் இல்லை. சட்டையைக் கோர்ட்டில் கொலைக்குச் சாட்சியாக விரித்துக் காட்டினார்களாம். தூக்காமல் இருந்திருந்தால். ஓடிவந்து வெளியே நின்று போன் மட்டும் பண்ணியிருந்தால். விழுந்தவரைத் தூக்காதே, தள்ளி நில், உனக்கு எதுக்கு வம்பு என்று எந்தத் தாய் சொல்லித் தருகிறாள். சொல்லித் தந்திருக்கலாம். அடுத்த வீட்டுக் கிழவர் வழுக்கி விழுந்தபோது பள்ளிக்கூடப் பையைப் போட்டுவிட்டு இவன் ஓடிப் பிடித்ததற்கு, என் ராசா என்று நெட்டி முறித்தாளே. அன்றைக்கு முதுகில் இரண்டு வைத்திருக்க வேண்டும். ஐயோ, என்ன நினைப்பு இது. அம்மா கரியகாளி, என் புத்தி இப்படிப் போகிறதே, மன்னிச்சுக்கோ. அந்த முதலாளி ஆத்மா சாந்தியாக இருக்கட்டும். அவருக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். அவளுக்கு மட்டும் தெரிந்தால், தன் மகன் கடைசியாகத் தலை வைத்துப் படுத்தது யார் மடி என்று தெரிந்தால், அவளே வந்து நீதிபதிகளிடம் கேட்பாள். இல்லை, அவளும் தடவைக் கணக்குப் பார்த்து வெளியே அனுப்பப்படுவாள்.

வாண்டா என்று பேர் அந்தப் பெண்ணுக்கு. கடைக்குப் பின்னால் வண்டியை நிறுத்தி உட்கார்ந்திருந்தவள். யாரோடு உட்கார்ந்திருந்தாள் என்பதைச் சொல்ல முடியாத நிலைமை. வேறு ஒருத்தன், உயரமானவன், ஒரு காலை இழுத்துக்கொண்டு ஓடிப்போய் வண்டி ஏறினதைப் பார்த்தாள். மறுநாளே போலீசுக்குப் போன் பண்ணிச் சொன்னாள், பேரும் கொடுத்தாள். யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிடாதது அவளுக்கு அப்போது நிம்மதியாக இருந்ததாம். ஹெலனின் ஆட்கள் ஒருவழியாகப் போலீஸ் காகிதங்களை வாங்கிப் படித்தபோது ஓர் ஓரத்தில் அவள் பேர் கிடந்தது. போய்க் கதவைத் தட்டியதும், எப்போ வருவீங்கன்னு இருந்தேன் என்று அழுதாளாம். முன்னாடியே கேட்டிருக்கலாமே. ஆமாம், கேட்டிருக்கலாம். முதல் மனு போடுவதற்கு முன்னாலேயே ஹெலன் சொன்னாள்: கொஞ்சம் பொறுங்க, இன்னும் நாள் இருக்கு, காகிதங்கள் வரட்டும், பார்த்துவிட்டுப் போடலாம். வேலுவுக்கோ பொறுமை இல்லை. ஊரில் அப்பா கட்டிலில் கிடக்கிறார், தண்ணீர் இறங்கவில்லை, ஒருக்கா முகத்தைப் பார்த்தால் போதும் என்கிறார். கூட இருந்த கைதி ஒருத்தன் சட்டம் தெரிந்தவன், இவனுக்கு எழுதிக்கொடுக்கிறேன் என்றான். “போட்டரட்டாம்மா, பொறுக்கட்டா?” என்று போனில் கேட்டான் வேலு. அப்போது ஊரிலிருந்த மயிலாத்தாளிடம் கேட்டான். வக்கீலிடம் கேட்க வேண்டியதை அம்மாவிடம் கேட்டான். அம்மா போய்க் கரியகாளியிடம் கேட்டாள்.

அவர்கள் ஊர்ப்பக்கம் அம்மனிடம் பூக் கேட்காமல் எதையும் தொடங்க மாட்டார்கள். கிணறு வெட்டவும் பெண் கொடுக்கவும் அம்மன் தோளில் ஈர அரளிப் பூவை ஒட்ட வைத்துவிட்டு நிற்பார்கள். வலப்பக்கம் விழுந்தால் ஆகட்டும். இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான். மறுபடி கேட்டால் அம்மனை நம்பவில்லை என்று ஆகிவிடும். பாவாயி என்று ஒருத்தி, மகள் சம்பந்தத்துக்குப் பூ இடப்பக்கம் விழுந்துவிட்டதென்று அடுத்த வெள்ளிக்கிழமையும் பூவோடு வந்து நின்றாள். மயிலாத்தாள்தான் எல்லார் முன்னாலும் கேட்டாள்: “ஏன் பாவாயி, சாமின்னா கோர்ட்டுன்னு நெனச்சியா, அப்பீல் போறதுக்கு?” சனம் பூராவும் சிரித்தது. பாவாயி பூவை முந்தானையில் முடிந்துகொண்டு தலைகுனிந்து போனாள். எவ்வளவு லேசாக வாயில் வந்தது அந்தப் பேச்சு. வேலுவுக்காகக் கேட்டபோது பூ வலப்பக்கம் விழுந்தது. உடனே விழுந்தது. வாசலிலிருந்தே போன் பண்ணி, “போட்டுரு சாமி, உத்தரவு ஆயிருச்சு” என்றாள். வீட்டில் போய்ச் சொன்னதும் அவர் கட்டிலில் கிடந்தபடி கையெடுத்துக் கும்பிட்டார். மனு போனது. தள்ளுபடி ஆனது. அவரும் போனார். ஆனால் என்ன கேட்டோம்? போடலாமா என்று கேட்டாளா, இப்போதே போடலாமா என்று கேட்டாளா? அம்மன் போடலாம் என்றுதானே சொன்னாள், பொறுத்துப் போடு என்பதை எந்தப் பக்கம் விழுந்து சொல்வாள்? அப்புறம் அந்தக் காத்தாடி. பூசாரிக்கு வேர்க்கிறதென்று கருவறைச் சுவரில் ஒன்று மாட்டியிருந்தது. மயிலாத்தாளே வேண்டுதலுக்கு வாங்கிக்கொடுத்தது. உபயம், குழந்தைவேல், அமெரிக்கா என்று நீலத்தில் எழுதியிருக்கும். அது அன்றைக்குச் சுற்றிக்கொண்டிருந்ததா? கரண்டு இருந்ததா? சூடத்தின் சுடர் ஆடியதா, நேராக நின்றதா? கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தவளுக்கு எப்படித் தெரியும். நேராக நின்றது போலவும் இருக்கிறது. ஆடியது போலவும் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் பாத்திரம் கழுவும்போது அந்தக் கருவறைக்குள் போய் மேலே பார்க்கிறாள், ஒவ்வொரு நாளும் பார்ப்பதற்குள் பூ விழுந்துவிடுகிறது. வாணிக்கு இது தெரியாது. பூ விழுந்தது மட்டும் தெரியும். ஒரே ஒரு தடவை, கோபத்தில், “உங்க அம்மனும் அந்த நீதிபதிகளும் ஒரே பள்ளிக்கூடத்தில படிச்சிருப்பாங்க” என்றாள். கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தூக்கின கையை மயிலாத்தாள் பாதியிலேயே இறக்கிவிட்டாள். ஒருக்காத்தான் என்பது பக்தி என்று அவள் நினைத்திருந்தாள். கேட்கிறவளுக்குக் கேள்வியே தப்பாக வாய்த்திருந்தால்? அழுகிறவளுக்கு நாக்குக் குழறியிருந்தால்? பெற்றவளிடம் பிள்ளை ஒரே சோற்றை எத்தனை தடவை கேட்கிறான், எந்தத் தாய், முன்னாடியே கேட்டிருக்கலாமே என்று சட்டியை மூடுகிறாள்? அம்மா, நீயும் தாய் என்றுதானே சொன்னார்கள். கும்பிட வாய் வரவில்லை. பேரைச் சொல்லிப் பார்த்தாள். பேர் வந்தது, பேருக்குப் பின்னால் யாரும் வரவில்லை.

இரும்புக் கதவு திறந்தது. வேலு. வெள்ளை உடுப்பு, கை முன்னால் சேர்த்துப் பூட்டியிருந்தது, பின்னால் நின்றவன் அதை அவிழ்த்துவிட்டான். வந்துவிட்டான். வந்துவிட்டான் என்றால் இன்னும் தெரியாது. தெரியாத முகத்தோடு இவன் இருப்பது இதுதான் கடைசி. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொள்ளலாமா என்று தோன்றியது. காதோரம் நரைத்திருக்கிறது, அவன் அப்பாவுக்கு இந்த வயதில் நரைக்கவில்லை. உட்கார்ந்து, பக்கத்தில் தொங்கிய போனை எடுத்துக் காதில் வைத்தான். இவளும் இந்தப் பக்கத்துப் போனை எடுத்தாள், வாணி அதோடு காதை ஒட்டவைத்துக்கொண்டாள். “வாம்மா. குளிருதா? வாணி, அம்மா போட்டிருக்கறது என் ஸ்வெட்டர் மாதிரி இருக்குது?” வாணி கண்ணாடியைத் தட்டி, திருடிட்டேன் என்று வாயசைத்தாள். “சாப்டியா சாமி?” “ஆச்சு.” “தூங்கினியா?” “தூங்கினேம்மா.” “தலைக்கு…” வாணி அம்மாவின் முழங்கையில் கை வைத்தாள். மயிலாத்தாள் நிறுத்தினாள். “ஹெலன் போன் பண்ணினாங்க கண்ணு.” அவன் போனை மறுகாதுக்கு மாற்றினான். “கேக்கக்கூடாதுன்னுட்டாங்களாம். முன்னாடியே கேட்டிருக்கலாம்னு.” அவன் முகம் மாறும் என்று பார்த்தாள். மாறவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. எதிர்பார்த்த பஸ் வரவில்லை என்று கேட்டவன் போலத் தலையை மெல்ல ஆட்டினான். “அந்தம்மா சொன்னதைப் படிச்சாங்களா?” “தெரியலை சாமி.” “வாண்டாவைக் கூப்பிட்டுக் கேட்டாங்களா?” “இல்ல.” “சரி.” “சாமி, பொறுன்னு நான் சொல்லியிருக்கணும்…” “அம்மா, போட்டது நான். என் கையெழுத்து. அதைத் தூக்கி நீ சுமக்காதே.” “நான் பூவை…” “தெரியும்மா. அப்பா சொன்னாரு. அவரு சந்தோசமாப் போனாரில்ல? அது போதும்.” போதும் என்று இவன் சொல்கிற சொல் எவ்வளவு காலியாக இருக்கிறது. ஊதினால் பறந்துவிடும்.

அவன் வாணியைப் பார்த்தான், பிறகு இவளைப் பார்த்தான், சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான். “போன தடவை சொன்னேனில்லம்மா. டிக்கெட்டைப் போட்டு ஊருக்குப் போயிரு. இங்க குளிரு உனக்கு ஆகாது. வாணி, நீயும் இவ்வளவு தூரம் ஓட்டிட்டு வராதே. நான் நல்லா இருப்பேன். வந்தீங்கன்னா நாளெல்லாம் எண்ணிட்டே இருக்கேன். வரலைன்னா எண்ண வேண்டியதில்லை.” வாணி போனைப் பிடுங்கப் பார்த்தாள், “பைத்தியக்காரா, நீ வரலைன்னா நான் வாசல்ல உக்காந்துக்குவேன்” என்று கண்ணாடியைப் பார்த்துக் கத்தினாள், அது அந்தப் பக்கம் கேட்டிருக்காது. பக்கத்துத் தடுப்புப் பெரியவர் திரும்பிப் பார்த்தார். மயிலாத்தாள் போனை விடவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று தேடினாள். தெய்வம் பார்த்துக்கும் என்பது வாய் வரைக்கும் வந்து, வெட்கப்பட்டுத் திரும்பிப் போனது. உனக்காக உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லலாம், அது அவன் தலையில் இன்னொரு சுமை. வேறு வழி இருக்கும் என்று சொல்லலாம், இல்லை. வருவேன், நீ வா என்று சொல்லலாம். அதற்கு அவன் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அதுவும் சொல்லி முடிந்ததாகிவிடும். அவன் எழுந்திருக்கப் போகிறான். நேரம் இன்னும் நிறைய இருந்தது, காவல்காரன்கூடச் சுவரில் சாய்ந்துகொண்டிருந்தான், ஆனாலும் எழுந்திருக்கப் போகிறான். போன் அவன் காதைவிட்டு மெல்ல இறங்கியது, கன்னத்துக்கு, தாடைக்கு. மயிலாத்தாள் முக்காலியிலிருந்து இறங்கி நின்று கண்ணாடிக்கு வெகு பக்கத்தில் போனாள்.

“போனை வெச்சுராத சாமி. ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா காதுல வெச்சுட்டு இரு.”